என் உடல் என்னுடையது: எந்த மொழியில், யார் சொன்னால்?

1994இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று வெளியானது. தலைப்பு ஸ்பானிய மொழியில்: ‘மி குவெர்ப்போ எஸ் மீயோ’. ‘என் உடல் என்னுடையது’ என்று பொருள். வெளியிட்டது ஸ்பிட்பாய் என்ற ஹார்ட்கோர் பங்க் குழு. கிதார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று நான்கு இடங்களிலும் பெண்கள். ஒலிம்பியா நகரிலிருந்து, அன்றைய பெண் பங்க் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர், இந்தத் தலைப்புக்காகக் குழுவின்மேல் குற்றம் சாட்டினார். உங்களுடையது அல்லாத ஒரு மொழியை எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள், இது பண்பாட்டுத் திருட்டு என்பது அதன் சாரம்.

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரின் பெயர் மிஷெல் குரூஸ் கொன்சாலஸ். 1969இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். அவருடைய குடும்பத்தின் மொழியில்தான் அந்தத் தலைப்பு இருந்தது. குற்றம் சாட்டியவரின் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை.

‘என் உடல் என்னுடையது’ என்று அறிவிக்கும் தட்டிலேயே ஒரு பெண்ணின் உடல் காணாமல் போகிறது. காணாமல் ஆக்கியது ஆணாதிக்கம் என்றால் நமக்குப் பழகிய கதை. இங்கே அதைச் செய்தது பெண்ணியத்தின் பெயரால் பேசிய ஒரு குரல். 1990 முதல் 1995 வரை ஐந்தே ஆண்டுகள் இயங்கி நின்றுபோன இந்தக் குழுவைப் பற்றித் தமிழில் எழுத இதுவே எனக்குக் காரணம்.

சத்தத்தின் பின்னணி

ஹார்ட்கோர் என்பது பங்க் இசையின் இறுகிய வடிவம். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்களில் உருவானது. பாட்டு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். அதிவேக டிரம்ஸ், அடித்து இழுக்கும் கிதார், பாடுவதற்குப் பதிலாகக் கத்தல். பெரிய இசை நிறுவனங்களை நம்பாமல் தாங்களே தட்டு போட்டு, தாங்களே வேன் ஓட்டி, தாங்களே துண்டுப் பத்திரிகை அச்சடித்து வளர்ந்த உலகம் அது. பிளாக் ஃப்ளாக், மைனர் த்ரெட், கறுப்பின இளைஞர்களின் பேட் பிரைன்ஸ் ஆகியவை அதன் பெரிய பெயர்கள்.

அந்தப் பெயர்களில் பெண்கள் அரிது. மேடைக்கு முன்னால் உடல்கள் ஒன்றோடொன்று மோதும் வட்டத்தில் ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் ஓரத்தில் நின்று அவர்களுடைய ஜாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அந்த உலகிலேயே புழங்கிய கேலி. ஆனால் தொடக்கத்தில் இப்படி இல்லை. 1977இலேயே லாஸ் ஏஞ்சலஸில் ‘தி பேக்ஸ்’ குழுவின் முன்னணிக் குரலாக ஆலிஸ் பேக் இருந்தார். அவரும் மெக்சிகோ வம்சாவளிப் பெண். அந்த இசை முரடாகி ‘ஆண்களின் இசை’ என்று பெயர் எடுத்தபோது, அதற்கு வழி போட்டவர்களில் பழுப்பு நிறப் பெண்களும் உண்டு என்ற செய்தி வரலாற்றின் ஓரத்துக்குப் போய்விட்டது. அவரும் தன் கதையைத் தானே எழுதவேண்டி வந்தது. ‘வயலன்ஸ் கேர்ள்’ என்ற அந்தத் தன்வரலாறு 2011இல்தான் வந்தது.

ஸ்பிட்பாய் உருவானது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில். அங்கே பெர்க்லி நகரின் 924, கில்மன் தெருவில் 1986 கடைசி நாளில் தொடங்கப்பட்ட ஓர் அரங்கம் இருந்தது. தொண்டர்களே நடத்தியது, எந்த வயதினரும் வரலாம், மதுவோ அடிதடியோ இனவெறியோ பெண்வெறுப்போ கூடாது என்பது விதி. கிரீன் டே குழு வளர்ந்ததும் இங்கேதான். 1994இல் அவர்கள் பெரிய நிறுவனத்தில் வெளியிட்ட ‘டூக்கி’ கோடிக்கணக்கில் விற்றது. அதே ஆண்டு, அதே வட்டாரத்திலிருந்து வந்ததுதான் ‘மி குவெர்ப்போ எஸ் மீயோ’. ஒன்றை உலகமே அறியும். மற்றொன்றைத் தேடித்தான் கேட்க வேண்டும்.

நான்கு குரல்கள்

ஏட்ரியன் டுரூகஸ் குரல், கேரின் ஜெம்பஸ் கிதார், பாலா ஹிப்ஸ்-ரைன்ஸ் பேஸ், கொன்சாலஸ் டிரம்ஸ். பின்னர் பேஸ் டாமினிக் டேவிசன் கைக்கு மாறியது. குழுவின் பெயர், பெண்ணுடலை மையமாகக் கொண்ட ஒரு படைப்புக் கதையிலிருந்து எடுத்தது. முதல் சிறுதட்டு 1992இல் லுக்அவுட் நிறுவனத்தின் வழியே வந்தது. பின்பு எபுலிஷன் என்ற சிறு நிறுவனத்தில் தட்டுகள். ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பயணங்கள்.

இந்தக் குழுவின் எல்லாப் பதிவுகளும் 2021இல் ‘பாடி ஆஃப் வொர்க்’ என்று ஒரே தொகுப்பாக மறுவெளியீடு கண்டன. பெருங்குடியில் என் வாடகை வீட்டில் அதைத்தான் கேட்டேன், ஓ.எம்.ஆர். மெட்ரோ வேலைக்காகத் தோண்டும் சத்தத்துக்கு மேலே, காதுகருவியில். வேகத்தை எதிர்பார்த்துக் கேட்பவர்களுக்கு இது முதலில் ஏமாற்றம் தரலாம். பல இடங்களில் இசை வேண்டுமென்றே மெதுவாகிறது. கிதார் ஒரே இடத்தில் நின்று அரைக்கிறது. ஒரு பெண் பேசுகிறாள்; இன்னொருத்தி இடைமறிக்கிறாள்; பிறகு எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். நம் ஊரில் துக்க வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இல்லை.

ஒரே நாயகி முன்னால் நிற்க மற்றவர்கள் பின்னணி வாசிப்பது என்ற ராக் இசை ஒழுங்கை இவர்கள் ஏற்கவில்லை. டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் மைக் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, அடுத்த பாட்டு எதைப் பற்றியது என்று நின்று பேசினார்கள். பாலியல் வன்முறை, தெருச் சீண்டல், உடல் குறித்த வெட்கம், வாயடைப்பு என்று பொருள் கனமானது. அதைச் சத்தத்துக்குள் ஒளிய விடவில்லை. ‘பேச்சைக் குறை, வாசி’ என்று கத்தும் ஆண்கள் இருக்கும் அரங்கத்தில் பேசுவதே ஒரு செயல்பாடு. கலையாகப் பார்த்தால் எல்லாப் பாட்டும் தேறாது. சிலவற்றில் வரிகள் துண்டறிக்கைபோல நேராக இறங்கி நின்றுவிடுகின்றன. நல்ல பாட்டுகளில், சொல்லும் வரிக்கும் டிரம்ஸுக்கும் இடையே ஒரு வாக்குவாதம் நடக்கிறது. சொல்லத் தயங்குவதை டிரம்ஸ் சொல்லிவிடுகிறது.

பெயரிடுதல்

1991 வாக்கில் ஒலிம்பியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் ‘ரயட் கேர்ள்’ என்ற பெண் பங்க் இயக்கம் கிளம்பியது. கலகப் பெண்கள் என்று சொல்லலாம். பிகினி கில் அதன் முகம். பெண்களை முன்னால் வரச்சொல்லி ஆண்களைப் பின்னால் அனுப்பியது அதன் புகழ்பெற்ற வழக்கம். துண்டுப் பத்திரிகைகள், கூட்டங்கள், அந்தரங்கத்தை அரசியலாக்கும் எழுத்து என்று அது பெரிய வேலை செய்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஸ்பிட்பாய் அந்த அடையாளத்தை ஏற்கவில்லை. டி.சி.யிலேயே மேடையில் நின்று, நாங்கள் ரயட் கேர்ள் குழு இல்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் அதிர்ந்தது. அங்கிருந்து உறவு கசந்தது. இதைச் சகோதரிச் சண்டை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் கேட்க வேண்டியது வேறு. பெண்கள் நான்கு பேர் கிதார் எடுத்தால் உடனே அவர்களை ஒரு பெயரின் கீழ் அடைப்பது ஏன்? ஆண்கள் குழுக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. பெண்கள் குழு என்றால் ‘அந்த இயக்கத்தில் ஒன்று’. தமிழில் பெண் எழுதினால் அவளுக்கு என்று ஒரு தனி அத்தியாயம் ஒதுக்குவார்களே, அதே கணக்குதான்.

இதோடு சேர்ந்தது குழுவுக்குள் இருந்த இன்னொரு பெயர்ச் சிக்கல். பங்க் உலகில் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, குழுவின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்வது வழக்கம். கொன்சாலஸ் அங்கே ‘டாட்’ என்றே அறியப்பட்டார், டாட் ஸ்பிட்பாய். குடும்பப் பெயர் மறைந்ததும் அவருடைய வம்சாவளியும் மறைந்தது.

தமிழ்நாட்டில் இருக்கும் எனக்கு இந்த இடம் எளிதாகக் கடக்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றதும் அதே மாநாடு. அந்த வெட்டு நமக்குப் பெருமை, இருக்க வேண்டியதும்கூட. ஆனால் பட்டத்தை விட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து விடவில்லை. மேலே இருப்பவர் விடுவது ஒரு சலுகையை. ஏற்கெனவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் தன் அடையாளத்தைப் பேசாமல் இருப்பது பல நேரம் பிழைப்புக்கான வழி. ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்று சொல்லும் நண்பர்கள் கூட்டத்தில், சாதியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இருப்பவள் வாயை மூடிக்கொள்கிறாள். பங்க் உலகின் ‘இங்கே நாமெல்லாம் பங்க்’ என்பதும் அப்படியொரு சமத்துவம். டாட் என்ற பெயருக்குப் பின்னால் கொன்சாலஸ் எல்லோருக்கும் சமமானவர். அதே அளவுக்கு எல்லோருக்கும் தெரியாதவர்.

தலைப்பின் ஆண்டு

1994 கலிபோர்னியாவில் சாதாரண ஆண்டு இல்லை. ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமும் மறுக்கும் ‘முன்மொழிவு 187’ அந்த நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து வென்றது. பின்னர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஸ்பானிய மொழி பேசுபவள் என்றால் சந்தேகத்துக்கு உரியவள் என்ற காற்று வீசிய ஆண்டில், தன் உடல் தன்னுடையது என்று ஸ்பானிய மொழியில் சொல்வதற்கு இரண்டு பொருள் உண்டு. ஆணிடம் சொல்வது ஒன்று, எல்லைக் காவலிடம் சொல்வது இன்னொன்று. ஒலிம்பியாவிலிருந்து வந்த குற்றச்சாட்டு இரண்டாவது பொருளைத் தவறவிட்டது.

பண்பாட்டுத் திருட்டு என்ற கருத்து ஒடுக்கப்பட்டவர்களுக்குக் காவலாக உருவானது. அந்தக் காவலே அவர்களைத் தடுத்து நிறுத்தி அடையாளச் சீட்டு கேட்கிறது என்பதுதான் இந்தச் சம்பவத்தின் கசப்பு. கோட்பாடு தவறு என்று நான் சொல்லவரவில்லை. எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பாராமல் கோட்பாட்டைக் கையில் எடுத்தால் அது யார் தலையில் விழும் என்பதற்கு இது சான்று.

குழு இதற்கு இசையிலேயே ஒரு பதில் வைத்திருந்தது. 1995இல் சிகாகோவின் லோஸ் க்ரூதோஸ் குழுவோடு சேர்ந்து ஒரே தட்டின் இரு பக்கங்களைப் பகிர்ந்தார்கள். அவர்கள் மெக்சிகோ மக்கள் வாழும் பில்சன் பகுதியிலிருந்து வந்து ஸ்பானிய மொழியிலேயே கத்தியவர்கள். பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி உருகுவேயில் பிறந்தவர், தன்பாலீர்ப்பாளர். கொன்சாலஸின் புத்தகத்துக்கு அறிமுகம் எழுதியவரும் அவரே. பெண்ணியத் தோழமைக்குள் கிடைக்காத அங்கீகாரம், வேறு நகரத்துப் புலம்பெயர் பிள்ளைகளிடம் கிடைத்தது.

இந்த ஆண்டுகளை நம் ஆண்டுகளோடு வைத்துப் பார்க்கிறேன். ஸ்பிட்பாயின் முதல் தட்டு வந்த 1992இல்தான் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. லோஸ் க்ரூதோஸோடு சேர்ந்த தட்டு வந்த 1995இல், தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்ற கோபால் குருவின் கட்டுரை வந்தது; தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானதும் அதே ஆண்டு. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வி எழுந்தது: ‘பெண்கள் நாம்’ என்று சொல்லும்போது அந்த ‘நாம்’ யார்?

கோப்பையில் அச்சிட்ட வாசகம்

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது எழுந்த கூச்சலைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். உடலை எழுதிய பெண் கவிஞர்கள் மிரட்டப்பட்டார்கள், கேலி செய்யப்பட்டார்கள். அந்த வசைகளுக்கு எதிராகத் தமிழில் ‘என் உடல் என்னுடையது’ என்று நிறுவியது அவர்களுடைய கவிதைதான். அதே காலத்தில் சுகிர்தராணியின் கவிதை இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: எல்லாப் பெண்ணுடலும் ஒரே தெருவில் நடப்பதில்லை.

இருபது ஆண்டுகளில் அந்த வாசகம் எங்கெல்லாம் போயிருக்கிறது! நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மகளிர் தினத்துக்கு ஊதா நிற டி-ஷர்ட்டும் காபிக் கோப்பையும் கொடுத்தார்கள். கோப்பையில் ‘என் உடல், என் உரிமை’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கேக் வெட்டி முடிந்தபின் தட்டுகளை எடுக்க வந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, மிச்சமிருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டு, “இது உங்களுக்கு மட்டும்தானா மேடம், எங்களுக்கும் உண்டா?” என்று கேட்டார். ஒப்பந்த ஊழியர்கள் பட்டியலில் இல்லை என்றார்கள்.

அவர் வருவது கண்ணகி நகரிலிருந்து. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிய இடம் அது. பெருங்குடிக்குத் தெற்கே, துரைப்பாக்கத்தில். தன் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதையே அரசு முடிவு செய்த பெண்கள், எங்கள் கண்ணாடிக் கட்டடங்களின் கழிப்பறைகளைக் கழுவுகிறார்கள். வேலை நேரத்தில் உட்கார அவர்களுக்கு நாற்காலி இல்லை. உடல் என்னுடையது என்ற வாசகத்தின் முதல் உரிமையாளர்கள் அவர்களாக இருக்க வேண்டும். அது அவர்களுக்குப் புரியாத மொழியில், அவர்கள் கழுவ வேண்டிய கோப்பையில் அச்சாகி இருக்கிறது. ஒலிம்பியாவில் நடந்ததற்கும் இதற்கும் தூரம் அதிகம் இல்லை.

நின்றதும் நிறுத்தப்பட்டதும்

கொன்சாலஸ் இதையெல்லாம் எழுதியது குழு முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து. ‘தி ஸ்பிட்பாய் ரூல்’ 2016இல் பி.எம். பிரஸ் வெளியீடாக வந்தது. ரயட் கேர்ள் இயக்கத்தின் வெள்ளைத்தன்மையைத் தொடர்ந்து விமர்சித்துவரும் மிமி தி நுயென் முன்னுரை எழுதியிருக்கிறார். சிறிய புத்தகம், சின்னச் சின்ன அத்தியாயங்கள். வேன் பயணம், யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் தூக்கம், காசு இல்லாமை, தோழிகளுக்குள் வரும் மௌனம் என்று வேலை செய்யும் குழுவின் அன்றாடம் அதில் இருக்கிறது. துவாலுமி என்ற சிறு மலையூரில் வளர்ந்த ஏழைப் பெண் டிரம்ஸ் கற்றுக்கொண்டதை வர்க்கத்தின் கதையாகவும் அவர் சொல்கிறார். என் குறை ஒன்று உண்டு. நான்கு குரல்களால் ஆன குழுவின் கதையை ஒரு குரலே சொல்கிறது. மற்ற மூவரும் அந்த ஸ்பானியத் தலைப்பை எப்படிச் சுமந்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வாசகிக்கு ஆசை எழுகிறது. தன்வரலாற்றின் எல்லை அது. ஆனாலும் அவர் எழுதியிராவிட்டால் ஸ்பிட்பாய் இன்னோர் இயக்கத்தின் அடிக்குறிப்பாகவே இருந்திருக்கும்.

ஸ்பிட்பாய் தானாக நின்றது. நிறுத்தப்பட்ட குழுவும் நம் நாட்டில் உண்டு. காஷ்மீரில் பள்ளி மாணவிகள் மூவர் சேர்ந்த ‘பிரகாஷ்’ என்ற ராக் குழு 2012 டிசம்பரில் ஸ்ரீநகர் போட்டி மேடையில் ஏறியது. பாராட்டோடு பாலியல் வன்முறை மிரட்டல்களும் வந்தன. 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தி அவர்களுடைய இசையை மதத்துக்கு எதிரானது என்று அறிவித்தார். மாணவிகள் நிறுத்திவிட்டார்கள். முதலமைச்சரின் ஆதரவோ காவல்துறையின் கைதுகளோ அவர்களை மீண்டும் மேடைக்குக் கொண்டுவரவில்லை. ஐந்தாண்டு முடிந்த குழுவைத் ‘தோல்வி’ என்று எழுதுபவர்கள், ஒரு மேடையோடு முடிக்கப்பட்டவர்களை என்னவென்று எழுதுவார்கள்?

சென்னையிலும் 2018இல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் 19 பேரில் பெண் ஒரே ஒருவர், இசைவாணி. சாதியைக் கேள்வி கேட்ட அந்த மேடை முக்கியமானது. பதினெட்டுக்கு ஒன்று என்ற கணக்கும் அதே அளவு கவனிக்க வேண்டியது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடிக்கிறார்கள். சாவு வீட்டில் ஆண்கள் மட்டும், அதுவும் கட்டாயத்தின்பேரில் அடித்த பறையை, பெண்கள் தோளில் மாட்டி மேடையில் அடிப்பது உலகின் எந்த ஹார்ட்கோர் குழுவுக்கும் குறைந்த கலகம் இல்லை. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

படம் நல்லது. அதோடு, கொன்சாலஸ் செய்ததை அந்தப் பெண்களும் செய்ய நாம் இடம் உண்டாக்க வேண்டும். பறை கற்ற முதல் நாள், ஊரில் கிடைத்த பேச்சு, பேருந்துக் கட்டணத்துக்கு என்ன செய்தார்கள், எந்தத் தோழி ஏன் விலகினாள், நம்மைப்போன்ற பெண்ணியவாதிகள் அவர்களை மேடைக்கு அழைத்தபோது என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினோம், அதில் எதை விட்டோம்: இவற்றை அவர்கள் தங்கள் மொழியில் எழுதட்டும். பதிப்பகங்கள் அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்கட்டும். அப்படி ஒரு புத்தகம் வந்து, அதில் நம்மைப் பற்றிய பக்கங்கள் நமக்குப் பிடிக்காமல் போனால், அவற்றை வெட்டாமல் அச்சிடுவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.